நாலாவது கால்

உளி மரத்தில் பட்டதுமே கரகரவென்று சத்தம் வந்தது. அடுத்த அறை ஜன்னலிலிருந்து குரலும் வந்துவிட்டது.

“மழுங்கிப்போச்சு. நிறுத்திட்டு சாணை பிடிங்க.”

டெய்லர் மரம் கடையும் லேத்தை நிறுத்தினார். மனைவி படுத்த படுக்கையாக இருந்துகொண்டு, பார்க்காமலே கண்டுபிடித்துவிடுகிறாள். வேலைக்காலம் முழுக்க டெலிபோன் ஆபீசில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். மறுமுனையில் பேசுகிறவன் பொய் சொல்கிறானா என்று அவன் மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மனைவியிடம் அவர் எந்தக் காலத்திலும் எதையும் மறைத்து ஜெயித்ததில்லை.

ஓய்வு பெற்றதும் அக்கடா என்று உட்காருவாள் என்று பார்த்தால், எங்கிருந்தோ ஒரு பழைய கடைசல் லேத்தை வாங்கி வந்து பின்னறையில் இறக்கினாள். அதிலிருந்து சாப்பாட்டில் மரத்தூள், படுக்கையில் மரச்சுருள். “உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு மரங்கொத்தியைக் கட்டியிருக்கலாம்” என்று அவர் புலம்புவார். “அது உங்களுக்குச் சமைச்சுப் போடாது” என்பாள். கிண்ணம் கடைந்தாள், கதவுக்குக் குமிழ் கடைந்தாள், கடைசியில் சாப்பாட்டு மேசைக்கே கால் கடைய ஆரம்பித்தாள். மூன்று கால் முடிந்தது. நாலாவதை உருளையாக்கி லேத்தில் விட்டிருந்தபோது நோய் வந்து படுக்கையில் தள்ளிவிட்டது.

அன்றிலிருந்து மேசையின் நாலாவது மூலையைத் தாங்குவது ஒரு பெயிண்ட் டப்பாவும் அதன்மேல் ஒரு மரக்கட்டையும்தான். மேசை நடைவழியில் இருந்ததால், போகிறவர் வருகிறவர் இடுப்பு பட்டாலே டப்பா ‘டங்’ என்னும். ஒவ்வொரு டங்குக்கும் உள்ளே அவள் முகம் சுளிப்பாள்.

நேற்று டாக்டர் பார்த்துவிட்டு மகளை வாசலுக்கு அழைத்துப்போய் மெல்லப் பேசினார். யார் வீட்டில் வந்து யாருக்குக் கேட்காமல் பேசுகிறார்! அவர் போனதும் மனைவி டெய்லரைக் கூப்பிட்டாள்.

“முதல்ல அந்த டப்பா இந்த வீட்டை விட்டுப் போகணும். அப்புறம்தான் நான். அது உள்ள இருக்க என்னை வெளிய எடுத்தீங்க, சும்மா விடமாட்டேன்.”

“நான் கடைஞ்சு முடிக்கறேன்.”

“நீங்களா?” சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் நின்றது. “ஊசி பிடிச்ச கையி.”

“ஊசி பிடிச்சா உளி பிடிக்கக் கூடாதா?”

இப்போது சாணை பிடித்துக்கொண்டு வந்து மறுபடி லேத்தைப் போட்டார்.

“குத்தாதீங்க,” என்றது ஜன்னல். “உளியோட அடிப்பக்கம் முதல்ல மரத்துல உரசட்டும். அப்புறம் கைப்பிடியை மெல்லத் தூக்குங்க. அதுவே சீவும்.”

தூக்கினார். சீவியது. மரம் நாடா நாடாவாக உரிந்து அவர் முழங்கையில் சுற்றிக்கொண்டது. அவருக்கே ஆச்சரியம். முதல் வளையம் ஒழுங்காக வந்தது, இரண்டாவதும் வந்தது. கொஞ்சம் தலைக்கனம் வந்த நேரத்தில் உளி மாட்டி இழுத்தது. தட்!

“பள்ளமா?”

“இல்ல.”

“பொய். எங்க?”

“ரெண்டாவது வளையத்துக்குக் கீழ. சின்னதுதான்.”

“அந்தப் பக்கத்தைச் சுவரோரமாத் திருப்பி வைங்க. நம்ம மானம் காத்துல பறக்கவேண்டாம்.”

அதற்குப் பிறகு குரல் மெலிந்துகொண்டே வந்தது. அவள் முணுமுணுத்ததை மகள் ஜன்னல் வழியே எடுத்துச் சொன்னாள். “சரியா இருக்காம், அப்படியே போங்கப்பா.” மூன்றாவது வளையம் முடிந்து, கால் கீழ்நோக்கி ஒடுங்கியது. காலிப்பரால் தடிமனை அளந்து பார்த்தார். மற்ற மூன்றுக்கும் இதற்கும் நூலிழை வித்தியாசம்தான். உப்புத்தாள் போடுவதற்காக லேத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார்.

“இப்ப சத்தம் எப்படி இருந்துச்சு?”

பதில் இல்லை.

“ஏய், உன்னைத்தான்.”

மகள் ஜன்னலில் வந்து நின்றாள். “அப்பா,” என்றாள்.

அவர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கையெல்லாம் அவருடைய மரத்தூள் ஒட்டியது. அதைத் துடைக்கத் துடைக்க இன்னும் ஒட்டியது. வாய்விட்டு அழுதார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகன் வந்து சேர்ந்தான். வரவேண்டியவர்களுக்குச் சொல்லி, வண்டிக்கு ஏற்பாடு செய்தான். சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் ஒருவர் மேசையில் இடித்துக்கொண்டார். டங்!

டெய்லர் எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போனார். லேத் ஓடியது.

மகன் ஓடிவந்தான். “என்னப்பா இது? அம்மா உள்ள கிடக்கறாங்க. வந்தவங்க என்ன நினைப்பாங்க?”

“வந்தவங்க வந்த வேலையைப் பாக்கட்டும். நான் என் வேலையைப் பாக்கறேன்.”

“நாளைக்குப் பண்ணக் கூடாதா?”

“நாளைக்கு அவ எங்கடா இருக்கா?”

 மகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கீழே கிடந்த மரச்சுருள்களை ஒதுக்க ஆரம்பித்தான்.

முரட்டுத்தாள், அப்புறம் நைஸ் தாள். சுழலும் மரத்தில் தேன்மெழுகை அழுத்திப் பிடித்தார். சூட்டில் உருகி மரத்துக்குள் இறங்கியது. துணியால் ஒத்தினார். மங்கிக் கிடந்த மரத்தின் ரேகைகள் எழுந்து வந்தன. அடுத்த அறையில் அழுகைச் சத்தம் கேட்டது. லேத்தை நிறுத்தினார். அது அடங்கியதும் மறுபடி போட்டு முடித்தார். நுனியை அறுத்துக் காலை விடுவித்தார்.

மகனும் மகளும் மேசையைத் தூக்கிப் பிடித்தார்கள். டப்பாவை ஒதுக்கிவிட்டு, காலின் முளையைத் துளையில் வைத்துச் சுத்தியால் இறக்கினார். மேசையை விட்டதும் அந்த மூலை மேலே எழும்பிக்கொண்டு நின்றது. மேலே இருந்த டம்ளர் சறுக்கிக்கொண்டு வந்தது. மகன் பிடித்துவிட்டான்.

“உயரம் ஜாஸ்திப்பா. விரல் அகலம் இருக்கும்.”

மகள் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “தையலுக்கு விட்டு வெட்டியிருக்காருடா!”

உண்மைதான். ஆயுசு முழுக்க மடிப்புக்கு விட்டு வெட்டிய கை, மரத்திலும் விட்டுத்தான் வெட்டியிருந்தது. டெய்லருக்கும் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்றுதான் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, குறி போட்டு, கூடுதலை ரம்பத்தால் அறுத்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

“ஒரு நிமிஷம்,” என்றார். எல்லோரும் நின்றார்கள்.

அவர் கைகளால் மேசையை அழுத்திப் பார்த்தார். ஆட்டமில்லை. காலைத் திருப்பி, பள்ளம் இருந்த பக்கத்தை நடைவழியில் தெரியும்படி வைத்தார். சுவரோரம் வைக்க மனசு வரவில்லை. பிறகு குனிந்து, துருவேறிய டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. படி இறங்கி, வண்டியைத் தாண்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை போனார். அதைப் போட்டுவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து வாசற்படியில் நின்றார்.

உள்ளே பார்த்து, “ம், இப்ப வா,” என்றார்.

அவளைத் தூக்கினார்கள். கால்மாட்டில் பிடித்திருந்த மகன் பின்னோக்கி நடந்து வந்தான். நடைவழியில் திரும்பும்போது அவன் இடுப்பு மேசை முனையில் நன்றாக இடித்தது.

வாசலில் நின்றவர் காதைக் கொடுத்தார். சத்தம் எதுவும் வரவில்லை.