உறவினர் கையெழுத்து

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுப்பவர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இருப்பவர்களை விழுப்புரம் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் சேர்க்கும் பொறுப்பு வெற்றிவேலுக்கு. அவன் பேரூராட்சியில் தற்காலிகப் பணியாளன். இந்த மாதிரி வேலைகள் நிரந்தரப் பணியாளர்களைத் தேடி வருவதில்லை.

பட்டியலில் ஏழு பேர். வேன் வந்த அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தை நம்பி ஆறு பேர் முதல் பஸ்ஸிலேயே திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்கள். முழங்கால் வீங்கிப் போயிருந்த ஜெயக்கொடி என்ற கிழவி மட்டும் மிச்சம்.

“ஏறும்மா. மூணு வேளை சோறு. டாக்டரு வருவாரு.”

“கேட்டைப் பூட்டுவாங்களா?”

வெற்றிவேலுக்குத் தெரியவில்லை.

“போன் போட்டுக் கேளு தம்பி. நான் எங்க ஓடிடப் போறேன்?”

கேட்டான். உறவினர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே அனுப்புவார்களாம்.

“எனக்கு யாரு இருக்குறாங்க? நீயே போட்டுக்க,” என்றாள் ஜெயக்கொடி.

டிரைவர் ஹாரன் அடித்தார். காலி வேனை அனுப்பினால் ஆபீசில் பதில் சொல்ல முடியாது. படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் வெற்றிவேல் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘மகன்’ என்று போட்டு, போன் நம்பரும் கொடுத்தான். அவள் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஏறினாள்.

இருபது நாள் கழித்து, அவன் சாப்பிடும்போது போன் வந்தது. மனைவி ஜெயசுதா எடுத்தாள்.

“உங்கம்மா அங்க ஒரே ரகளையாம். நீ வந்து இட்டுக்கினு போவணுமாம்.”

அவனுடைய அம்மா கையில் ரசக் கரண்டியோடு நின்றாள். அவன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை போனான். கையெழுத்துப் போட்டதும் காவலாளி கேட்டைத் திறந்தார். முழங்கால் வீக்கம் வடிந்திருந்தது. ஜெயக்கொடி ரோட்டைத் தாண்டி நடந்து, கடையில் நிதானமாக டீ குடித்தாள். செஞ்சி பஸ் வந்தது. எழுந்திருக்கவில்லை.

“இன்னாம்மா, பஸ்ஸு போவுது!”

“போவட்டும். தெறப்பாங்களான்னு பாக்கத்தான் உன்னக் கூப்ட்டேன். தெறக்குறாங்க. அப்ப இருந்துக்குறேன். உள்ள ஃபேன் இருக்குது.”

வெற்றிவேலுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தபின் கத்த வாய் வரவில்லை. திரும்ப உள்ளே அழைத்துப் போய், மறுபடி சேர்ப்பதற்கான படிவத்தை வாங்கி நிரப்பினான்.

கேட் வரை வந்து வழியனுப்பினாள். “அடுத்த மாசம் வருவியா?”

“வேலையப் பொறுத்து.”

“லீவு போட்டுக்கினு வா,” என்றாள்.