ஒரு பாட்டுக்குத் தேவையான கொடுமை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மெத்தைக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது. மகளின் புதிய பாட்டுத் தொகுப்பை ஊருக்கு விடுவதற்கு முன்னால் வீட்டாருக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறார்கள். வீடு, வளர்ந்த கதை, திடீரென்று வந்து தலையில் உட்கார்ந்த புகழ் ஆகியவற்றைப் பற்றிய பாட்டுகள். அவளே எழுதி, அவளே மெட்டமைத்து, அவளே பாடியவை. தொகுப்பின் பெயர் ‘விட்டத்தைப் பார்த்த வருடங்கள்’. மின்விசிறி விளம்பரம் போல இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது.

மகளை வீட்டில் சில்லு என்பார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கைப்பேசியில் பாடிப் போட்ட ஒரு பாட்டு ஒன்பதே நாளில் பரவியதிலிருந்து பத்திரிகைகள் அவளைக் காலத்தின் குரல் என்கின்றன. காலத்தின் குரல் இன்னமும் ஈரத்துண்டைக் கட்டிலின் மேல்தான் போடுகிறது.

கூடவே தயாரிப்பாளரும் வந்திருந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத இளைஞர். மற்றவர்கள் பேச்சில் ‘வந்து’ போடுகிற இடத்திலெல்லாம் இவர் ‘வலி’ என்று போடுவார். நாற்காலியில் உட்காரும்போதுகூட ஏதோ சோகத்தின் மேல் உட்காருவது போலத்தான் உட்கார்ந்தார்.

பாட்டுகள் ஓடின. முதல் பாட்டு மாடிப்படியைப் பற்றி. இரண்டாவது அம்மாவின் அதட்டலைப் பற்றி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நான் எங்க இப்படிக் கத்தினேன்?” என்று கத்தினாள். மூன்றாவது குளியலறைக் கூரையின் ஒழுகல். நான்காவதில் கடைக்கு எதிரே முகக்கண்ணாடி விற்கிற கண்ணாடிக்கடைக்காரர் வந்துவிட்டார். ஐந்தாவது, இந்த வீட்டில் நாலே நாள் இருந்துவிட்டு மாடிவீட்டுக்குக் குடிபெயர்ந்த பூனை. அதன் பிறகு புகழ், தனிமை, விமான நிலையம், கைதட்டல், மறுபடியும் தனிமை. பத்துப் பாட்டும் முடிந்தன. மெத்தைக்கடைக்காரர் எதிலும் இல்லை.

விஷயம் என்னவென்றால், தன்னைப் பற்றி ஒரு பாட்டு இருப்பதாக அவர் ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

“பத்துதானாம்மா?” என்றார், தண்ணீர் குடிப்பது போல.

“பதினொண்ணு வரணும்பா. ஒண்ணு இன்னும் வரலை. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாகணும்.”

“அது எதைப் பத்தி?”

சில்லு தலையைச் சொறிந்தாள். “உங்களைப் பத்திதான். மூணு மாசமா முட்டிக்கிறேன். வரமாட்டேங்குது. உங்ககிட்ட ஒரு குறையும் இல்லப்பா.” குற்றம் சாட்டுகிற குரலில் சொன்னாள்.

“சார் தப்பா எடுத்துக்கக் கூடாது,” என்றார் தயாரிப்பாளர். “உங்ககிட்ட வலி இல்ல. கேக்கறவங்களுக்கு ஒரு காயம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா அந்த இடத்தைப் பல் டாக்டருக்குக் குடுத்துடலாம்னு இருக்கோம். ஒன்பது வயசுல பல்லைப் பிடுங்கி அழவச்சாராமே?”

பல் டாக்டர். மெத்தைக்கடைக்காரர் அன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே முடிவெடுத்துவிட்டார். குறைதானே வேண்டும்? நாலைந்து நாளில் ஒரு கொடுமைக்கார அப்பா ஆவது அவ்வளவு பெரிய காரியமா என்ன?

திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டில் மேசையை ஓங்கிக் குத்தினார். “இந்த வீட்டுல இனிமே பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது.”

“கையைக் காட்டுங்க, வீங்கியிருக்கான்னு பாக்கறேன்,” என்றாள் மனைவி.

“அப்பா, உங்களுக்கு ரத்த அழுத்தம் பாத்து எத்தனை நாளாச்சு?” என்றாள் சில்லு. பத்து நிமிஷத்தில் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதிலும் குறை இல்லை.

செவ்வாய்க்கிழமை பேசாமலிருப்பது என்று தீர்மானித்தார். அன்பே காட்டாத, பாறை போன்ற அப்பா. பாறை சாயங்காலம் நாலேகால்வரை தாக்குப்பிடித்தது. சில்லு நனைந்துகொண்டு வந்து ஒரு தும்மல் போட்டாள். “தலையைத் துவட்டு முதல்ல, வெந்நீர் வைக்கிறேன்,” என்று பாறை அடுப்பங்கரைக்கு ஓடியது.

இதற்கிடையில் கண்ணாடிக்கடைக்காரர் வேறு. “அண்ணே, நான் நாலாவது பாட்டாமே? நீங்க எத்தனாவது?”

“கடைசி,” என்றார் இவர். “கடைசிலதான் முக்கியமானது வரும்.”

புதன்கிழமை துணிந்துவிட்டார். மகளின் முதல் கிடாரை உடைப்பது. அதை வாங்கித் தந்தவரே அவர்தான். கடைக்கு எடுத்துப்போய்ப் பின்கட்டில் வைத்து அரைமணி நேரம் பார்த்தார். உடைக்கிற வேலையில் அவருக்குப் பழக்கமில்லை. சரி, உடைத்ததாகச் சொன்னால் போதும், ஒளித்துவைப்போம் என்று ஒரு ரப்பர் மெத்தையின் உறையைப் பிரித்தார். உள்ளே கிடாரின் அளவெடுத்து, அதன் வளைவுக்குத் தகுந்த மாதிரி கத்தியால் குழி வெட்டினார். கீறல் விழாமலிருக்கப் பஞ்சு சுற்றி வைத்து உறையைத் தைத்து மூடினார். கொடுமைக்கார அப்பாக்களின் வரலாற்றில் இவ்வளவு நேர்த்தியாக எந்தக் கிடாரும் அழிக்கப்பட்டதில்லை.

சாயங்காலம் சில்லு கேட்டாள். “அப்பா, கிடாரைப் பாத்தீங்களா? வெள்ளிக்கிழமை வேணும்.”

‘உடைச்சு எறிஞ்சுட்டேன்’ என்று பலமுறை சொல்லிப் பார்த்துவைத்திருந்தார். வாயைத் திறந்ததும், “பத்திரமா இருக்கும்மா,” என்று வந்தது.

வியாழக்கிழமை காலையில் தோற்றுப்போன மனதோடு கிடாரை எடுக்கப் போனால், மெத்தையைக் காணோம்.

“நேத்து நீங்க சாப்பிடப் போனப்போ வித்துட்டேன்,” என்றாள் கடையில் இருந்த மனைவி. “இடுப்புவலிக்காரர் ஒருத்தர். படுத்துப் பாத்தார், இதுதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னார். ஏன் முழிக்கிறீங்க?”

மகளிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னார். இடுப்புவலிக்காரரின் முகவரியைத் தேடி எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். சில்லு கடை வண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலு நாளாக அவர் தேடிய முகம் அது. கிடைத்துவிட்டது. பல் டாக்டரே இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

மூன்றாவது சிக்னலில் அவள் கேட்டாள். “எதுக்குப்பா அப்படிப் பண்ணீங்க?”

“காயம் வேணும்னாரே அந்தத் தம்பி,” என்றார்.

சில்லு திரும்பி அவரைப் பார்த்தாள். அதற்குள் வீடு வந்துவிட்டது.

இடுப்புவலிக்காரர் கதவைத் திறந்தவுடனேயே மெத்தைக்கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “பதினோரு வருஷ வலி சார். இன்னைக்குத்தான் எந்திரிச்சு நேரா நின்னேன். நடுவுல ஒரு மேடு வச்சிருக்கீங்க பாருங்க, யாருக்கு வரும் இந்த மூளை?”

“அந்த மேடு எம்பொண்ணு கிடாருங்க.”

இடுப்புவலிக்காரர் மெத்தையைத் திரும்பிப் பார்த்தார். “அதான் புரண்டா டொய்ங்குன்னு கேட்டுச்சா? எனக்குத்தான் காதுல ஏதோ ஆயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன். எடுத்துக்கங்க. ஆனா மேடு எனக்கு வேணும்.”

மெத்தைக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். சுற்றிய பஞ்சுக்குள்ளிருந்து, கீறல்கூட இல்லாமல், கைக்குழந்தை போலக் கிடார் வெளியே வந்தது. குழி வெட்டியிருந்த அழகையும் அப்பாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த சில்லு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வருகிறவரை சிரித்தாள். இடுப்புவலிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். மேட்டுக்குக் கட்டையில் செதுக்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு இருவரும் புறப்பட்டார்கள்.

திரும்பும் வழியிலேயே, பழைய ரசீதின் பின்பக்கத்தில், பாட்டு வந்துவிட்டது.

*கொடுமைக்காரர், எங்கப்பா கொடுமைக்காரர்,*
*மொறச்சுப் பாப்பார், சரியாத் தெரியலேன்னு*
*மூக்குக்கண்ணாடியத் தொடச்சுப் பாப்பார்…*

தயாரிப்பாளர் அதைக் கேட்டுவிட்டுச் சோர்ந்துபோனார். “தொகுப்போட துயரமே கலைஞ்சுடும். இதுல வலி எங்க இருக்கு?”

“மேசையைக் குத்தினப்போ அப்பாவுக்குக் கையில இருந்துச்சு,” என்றாள் சில்லு. “பல் டாக்டரெல்லாம் வேண்டாம். இதுதான்.”

“சார்,” என்று அவர் இந்தப் பக்கம் திரும்பினார், “உலகமே உங்களைப் பாத்துச் சிரிக்கும். பரவாயில்லையா?”

மெத்தைக்கடைக்காரர் யோசித்தார். முப்பது வருஷமாக இந்தத் தெருவில் கௌரவமாக மெத்தை விற்றவர். ரசீதை வாங்கி மறுபடி படித்தார். மூன்று இடத்தில் எங்கப்பா, எங்கப்பா என்று இருந்தது. “ரெண்டாவது பத்தியில ‘சாதா மெத்தை’ன்னு இருக்கு,” என்றார். “அது சாதா இல்ல. அதை மட்டும் மாத்திக்கங்க.”

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவுக் கூடம் கிடைக்கவில்லை. மெத்தைகள் சத்தத்தை விழுங்கும் என்று சொல்லி, கடையின் பின்கட்டிலேயே நாலு பக்கமும் மெத்தையை நிறுத்திச் சில்லு பாட உட்கார்ந்தாள். முதல் தடவை அப்பா நடுவில் சிரித்துவிட்டார். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை தயாரிப்பாளரே சிரித்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க,” என்றார்.

மெத்தைக்கடைக்காரர் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் நின்றார். எதிர்க்கடையிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்தார்.

“என்னண்ணே, பட்டப்பகல்ல கடையைச் சாத்திட்டீங்க?”

“உள்ள என் பாட்டு எடுக்கறாங்க.”

“நெசமாவா? என்னன்னு பாடுது?”

“நான் ஒரு கொடுமைக்காரன்னு.”

“நீங்களா?” கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது. கடைசியில் நிற்க முடியாமல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார்.

மெத்தைக்கடைக்காரர் குனிந்து, உதட்டில் விரலை வைத்தார். “சத்தம் போடாம சிரிங்க. பதிவு நடக்குது.”