சிவப்புக் காரும் நாலு உள்ளங்கையும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதையென்றாலே பொய்தானே என்று யாரும் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டாம். நான் சொல்வது வாயால் சொன்ன ஒரே ஒரு பொய். அது என்ன என்று ஐந்தாம் பகுதியில் வரும். அதற்குள் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் யாரையும் நம்புவதில்லை, உங்களையும் சேர்த்துத்தான்.

அரியமங்கலத்துப் பட்டறைக்காரர்கள் சங்கம் ஆயுத பூஜைக்குச் சிறப்பு மலர் அச்சடித்துப் போடுகிறது. செயலாளர் ஜேக்கப் என் வீட்டுக்கு வந்தார். "தரையோட தரையா இருக்கே ஸ்போர்ட்ஸ் காரு, அதை லிஃப்டுல பத்திரமா ஏத்தறது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே."

"நான் எட்டாவது பெயில். வேற ஆளே இல்லையா?"

"படிச்சவங்க எழுதிப் போட்டோம். ஒருத்தரும் படிக்கலை."

கட்டுரையாகத்தான் தொடங்கினேன். முதல் வரி: "பாதுகாப்பே முதன்மையானது." எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

2

கதை என்றால் ஆள் வேண்டும். அமிர்தசாமி என்று ஒருவரை வைக்கிறேன். வயது அறுபத்தெட்டு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் பிச்சமுத்துவின் கார் பட்டறைக்குப் போகிறவர். (அவர் நான் இல்லை. அவருக்கு மீசை உண்டு.)

அமிர்தசாமிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அடுத்தவர் முடுக்கிய நட்டை அவிழ்த்துத் திரும்ப முடுக்குவார். மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் "இறுதியாக" என்றால் உடனே கடிகாரத்தைப் பார்த்து, அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று கணக்கெடுப்பார். கடவுளே நேரில் வந்தாலும் ஆதார் அட்டை கேட்பார்.

அவருடைய மகள் சுஜா. முப்பத்து மூன்று வயது, டிப்ளமோ படித்தவள், அதே பட்டறையில் தலைமை மெக்கானிக். தூக்கிய காருக்கு அடியில் போகிறவள் அவள்தான். அண்ணாந்து நிற்க அமிர்தசாமியின் கழுத்து ஒத்துக்கொள்ளாது. பட்டறையில் அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "அப்பா பார்த்துட்டா நான் பார்க்க வேணாம்."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறக்க நான் எவ்வளவோ முயன்றுவிட்டேன்.

3

போன வருடம் விஜயதசமி. காலை பத்து மணிக்கு அந்தச் சிவப்புக் கார் சிறுத்தையைப் போலப் பதுங்கி—

(நான் சிறுத்தையைப் பார்த்ததில்லை. பஸ் ஏறி இறங்கிய செருப்பைப் போல இருந்தது. அதுதான் உண்மை.)

வந்தவர் ஸ்ரீதர். பெங்களூரில் வேலை, ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் வீடு. புதுக் காரைத் திருவெள்ளறைப் பெருமாளிடம் காட்டக் கொண்டுபோன இடத்தில், வழியிலிருந்த வேகத்தடை அதன் அடிவயிற்றைக் கிழித்துவிட்டது.

"பெரியவரே, அடியில ஆயில் சொட்டறது. ஜாக்கிரதையாப் பண்ணுங்கோ, ஒரு கீறல் விழப்படாது."

"கீறித்தானே கொண்டாந்திருக்கீங்க?" என்றார் அமிர்தசாமி.

"ஏதோ பெருமாள் புண்ணியத்துல இதோட போச்சு."

"வேகத்தடைக்கு முன்னாடியே பார்த்திருக்கலாம் அவரு."

பிச்சமுத்து ஓடி வந்தார். விஜயதசமியன்று பட்டறைக்கு முதல் வேலையே இப்படி ஒரு வண்டி. அவர் அப்போதே செல்போனில் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

4

இது ஜேக்கப் கேட்ட பகுதி. கதை பிடிக்காதவர்கள் இதை மட்டும் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

லிஃப்டுக்கு இரண்டு தூண், நாலு கை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு வட்ட ரப்பர் பேடு. தாழ்வான காருக்கு அடியில் இந்தக் கைகள் நுழையாது. அதனால் முதலில் தரையில் பலகை போட்டு, சக்கரங்களை அதன் மேல் ஏற்ற வேண்டும். பிறகு கைகளை உள்ளே விட வேண்டும். கம்பெனிக்காரன் அடையாளம் வைத்த நாலு இடத்தில்தான் பேடு உட்கார வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால் அடித்தட்டு அப்பளம். இந்த வண்டிக்கு இன்ஜின் பின்னால் இருக்கிறது, எடையும் பின்னால்தான். மற்ற காரைத் தூக்கிப் பழகிய கண்ணை நம்பக் கூடாது.

சக்கரம் பலகையை விட்டு நாலு விரல் எழும்பியதும் நிறுத்த வேண்டும். அப்போது காரைப் பிடித்து ஆட்ட வேண்டும். நன்றாக, கோபத்தோடு ஆட்ட வேண்டும். அசையவில்லையென்றால் மேலே தூக்கி, இரண்டு தூணிலும் பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டு, அந்தப் பூட்டின் மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மனுஷர் அடியில் போகலாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். பேடு சுத்தமாக இருக்க வேண்டும்.*

* விட்டுவிடவில்லை. தள்ளிப்போட்டேன். விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜையில் எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர் அமிர்தசாமிதான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். பொன்மலையில் முப்பத்தைந்து வருடம் வைத்த கை அது. கம்ப்ரசருக்கு வயிற்றில் வைத்தார், டிரில்லுக்கு மூக்கில் வைத்தார். லிஃப்டுக்கு நாலு கை. கைக்கு வேறு எங்கே வைப்பது? உள்ளங்கையில் வைத்தார். நாலு பேடிலும் நாலு பொட்டு. "மொத வேலை முடியற வரைக்கும் யாரும் தொடைக்கக் கூடாது" என்றார் பிச்சமுத்து. ரப்பர் மேல் காய்ந்த சந்தனம் என்ன செய்யும் என்பது கேரம் போர்டில் பவுடர் தூவியவர்களுக்குத் தெரியும்.

5

வலது பக்கத்துக் கைகளைச் சுஜா வைத்தாள், இடது பக்கத்தை அமிர்தசாமி. சுஜா பனியன் துணியை எடுத்துத் தன் பக்கத்துப் பேடுகளை அழுத்தித் துடைத்தாள்.

"ஏம்மா, தொடைக்காதேன்னு சொன்னேன்ல!" என்றார் பிச்சமுத்து.

"சாமி கோச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேண்ணே. காரு கோச்சுக்கிட்டா யாரு பேசறது?" என்றவள், அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். "அப்பா, நீங்க தொடச்சீங்களா?"

அமிர்தசாமியின் கையிலும் துணி இருந்தது. கண்ணுக்கு முன்னால் மஞ்சள் வட்டம், நடுவில் குங்குமம். "தொடச்சாச்சு" என்று அமிர்தசாமி—

(வேண்டாம். மீசையை எடுத்துவிடுகிறேன். "தொடச்சாச்சு" என்று சொன்னது நான்.)

துடைக்கத்தான் குனிந்தேன். அடியில் போகப்போகிறவள் அவள், பொட்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று கை நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஊர் உலகத்தையே சந்தேகப்பட்டவன், கடைசியில் ஒரு பொட்டை நம்பினேன்.

6

பொத்தானை அழுத்தினேன். நாலு விரல் எழும்பியதும் நிறுத்தினேன். சுஜா பின்னால் போய்க் காரை ஆட்டினாள்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பாய் இழுபடுகிற மாதிரி ஒரு ஒலி. இடது பக்கம் இரண்டு விரல் வழுக்கி, கார் தோளைச் சாய்த்தது. ஸ்ரீதர் "ரங்கா!" என்று கத்தினார். எப்படி இறக்கினேன் என்று எனக்குத் தெரியாது. கார் பலகை மேல் இருந்தது. கீறல் இல்லை. ஆள் உயரத்தில், அவள் தலைக்கு மேலே அந்த இரண்டு விரல் வழுக்கியிருந்தால்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

"என்னாச்சுப்பா?"

"சொட்டின ஆயில் ஓரத்துல பட்டிருக்கு. வழுக்கிருச்சு."

(ஒரே பொய் என்று முதல் பகுதியில் சொன்னேன். அதுவும் பொய்.)

அவள் நம்பினாள். நான் குப்புறப் படுத்து, உடம்பால் மறைத்துக்கொண்டு, இரண்டு பேடையும் தேய் தேய் என்று தேய்த்தேன். அடுத்த முறை தூக்கி ஆட்டியபோது கார் அசையவில்லை. பூட்டு இரண்டும் விழுந்தன. சுஜா அடியில் போய் நாற்பது நிமிடம் வேலை பார்த்தாள். பொத்தானை யாரும் தொட்டுவிடாமல் நான் நாற்பது நிமிடமும் தூணோடு தூணாக நின்றேன். பொட்டு என் நகக்கண்ணில் இருந்தது.

7

முடிவுக்கு வருவோம்.

ஒன்று: அப்பா உண்மையைச் சொல்கிறார், மகள் சிரித்துக்கொண்டே தோளில் சாய்கிறாள். சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு: சொல்கிறார். அன்றிலிருந்து அவர் பார்த்ததையெல்லாம் அவள் இன்னொரு முறை பார்க்கிறாள். பட்டறைக்கு நல்லது. அவருக்கு?

மூன்று: சொல்லவேயில்லை. ஒரு வருடமாக இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று பிச்சமுத்து கூப்பிட்டு, "இந்த வருஷமும் சந்தனம் நீங்கதாண்ணே" என்றார்.

டைப் அடிக்கிற கடையில் கொடுத்தால் என் தமிழைத் திருத்திக் கெடுத்துவிடுவார்கள். அதனால் இதை லேப்டாப்பில் அடித்துக் கொடுப்பது என் மகள். அவள் பெயர் சுஜா இல்லை. "அப்பா எழுதினதை நான் எதுக்குப் படிச்சுப் பார்க்கணும்? அப்படியே அடிச்சிடறேன்" என்று பக்கம் பக்கமாக வாங்கிக்கொண்டு போகிறாள். ஐந்தாம் பகுதியைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கொடுத்தேன்.

உள்ளே லேப்டாப்பைத் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி நகர்கிறது.

கார் இன்னும் நாலு விரல் உயரத்தில்தான் நிற்கிறது. ஆட்டிப் பார்க்க வேண்டியவள் வருகிறாள். நான் பேனாவை மூடுகிறேன்.