விற்ற பிறகு வந்த காகம்

இணையச் சந்தையில் ஏற்றிய ஏழாவது நொடியே தன் ஓவியம் விற்றுவிட்டதாக ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மனைவியிடம் அளந்தார்.

"ஏழு நொடியில நீங்க கண்ணாடியையே தேடி எடுக்க மாட்டீங்க" என்றாள் அவள்.

அவருக்கோ வேறு கவலை. புகைப்படத்தை ஏற்றிய பிறகும் கை சும்மா இருக்காமல் ஓவியத்தில் வானத்தைச் சிவப்பாக்கி, படகின்மேல் ஒரு காகத்தையும் உட்காரவைத்திருந்தார். புகைப்படமும் ஓவியமும் ஒத்துப்போகாவிட்டால் சந்தைக்காரர்கள் அவரை விலக்கிவிடுவார்கள். ஓவியத்தை வாங்கியவருக்குப் புதிய புகைப்படத்தை அனுப்பி, உண்மையைச் சொன்னார். காத்திருந்த அரைமணியில் நாலு யுகம் கழிந்தது. அவர் நடந்த நடையில் தரையே பள்ளமானது.

பதில் வந்தது: "காகம் நல்லா இருக்கு. இனிமே எதையும் தொடாம அனுப்புங்க."

மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"சரி, வித்தது நிஜந்தான், ஒத்துக்கிறேன். இப்ப அந்தப் பிரஷ்ஷை இங்க குடுங்க."