டிவியில வர்ற தபால்காரி

அந்த நாடகத்தை எழுதிய புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும். சாயங்காலம் ஏழரை மணி நாடகத்துக்குள் ஒரு தபால்காரியைக் கொண்டுவந்து விட்டார். அவள் கதாநாயகிக்கு வந்த வேலை உத்தரவைப் பிரித்துப் படித்தாள்; அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாள். அவ்வளவுதான். கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டின் முன்னறையிலேயே தபால் ஆபீஸ் நடத்தி, வீடு வீடாகத் தபாலும் கொடுக்கிற திலகவதிக்கு நிம்மதி போயிற்று.

முதலில் கிண்டல்தான். "என்ன திலகவதி, இன்னைக்கு எத்தன லெட்டரு டிரம்முக்குள்ள?" என்று குழாயடியில் ராசாத்தி கேட்டபோது திலகவதியும் சேர்ந்து சிரித்தாள். மூக்காயி சிரிக்கவில்லை. அவர் மகள் வனிதா நர்ஸ் வேலைக்குத் தேர்வாகி மூன்று மாதமாக உத்தரவுக்குக் காத்திருந்தாள். ஒருநாள் விறுவிறுவென்று தபால் ஆபீசுக்குள் வந்த மூக்காயி, நேரே அடுப்படிக்குப் போய், டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

"பெரியம்மா! என்ன செய்யிறீங்க?"

"ஒண்ணுமில்லத்தா, சும்மா பாத்தேன்." கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று திலகவதிக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷமாக ஒரு கார்டு தவறியதில்லை. எவளோ ஒருத்தி நடித்ததற்கு இவள் வீட்டு அடுப்படியில் சோதனையா? வயிறு எரியாதா?

அடுத்த வாரமே வனிதா பேருக்கு ஸ்பீடு போஸ்ட் வந்தது, அரசாங்க முத்திரையோடு. கொண்டுபோனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. மீமிசலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறார்கள், வர மூன்று நாளாகும் என்றார்கள் பக்கத்து வீட்டில். திலகவதி போன் போட்டாள்.

"அக்கா, பிரிச்சுப் படிங்கக்கா! என்னைக்குச் சேரணும்னு பாருங்க" என்று வனிதா பதறினாள்.

"பிரிக்க விடாதடி! நாடகத்துலயும் அவ அப்படித்தான் பிரிச்சா!" பின்னாலிருந்து மூக்காயியின் குரல். போன் கட்டாயிற்று.

மேலதிகாரியைக் கேட்டாள். "வீடு பூட்டியிருந்தா ஏழு நாள் ஆபீஸ்ல வைங்க. ஒங்க மேல தப்பு வராது" என்றார். வராதுதான், காகிதத்தில். தேதி தாண்டிப்போனால் ஊர் காகிதத்தையா பார்க்கப் போகிறது? அது கிடக்கட்டும், அந்தப் பிள்ளையின் வேலை போய்விடுமே! "நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன் சார்" என்றாள்.

"அப்ப ஒங்க பொறுப்பு" என்று அவர் போனை வைத்தார்.

அறந்தாங்கியில் பஸ் மாறி, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். மூக்காயியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வழி நெடுக மனசுக்குள் சண்டை போட்டபடியே போனாள்.

மீமிசலில் காதுகுத்துப் பந்தலுக்குள் நுழைந்ததும் வனிதா ஓடிவந்தாள். "மொதல்ல கையெழுத்தப் போடு" என்றாள் திலகவதி. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உறையைக் கொடுத்தாள். வனிதா பிரித்தாள்.

"அம்மா, நாளைக்கும்மா! காலையில பத்து மணிக்குப் புதுக்கோட்டையில இருக்கணும். வரலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும்னு போட்டிருக்கு!"

பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்த மூக்காயி எச்சில் கையோடு எழுந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து இலைக்காரி உரக்கக் கேட்டாள்: "ஏன் மூக்காயி, லெட்டர ஒளிச்சு வைக்கிறான்னு சொன்னியே, அந்தத் தபால்காரி இவதானா?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. அடப்பாவமே, இங்கே வரைக்குமா இந்தப் பேச்சு வந்துவிட்டது! திலகவதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கொடுத்தாயிற்று, இப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று பையைத் தோளில் மாட்டினாள்.

மூக்காயி குறுக்கே வந்து நின்றார்.

"அது டிவியில வர்றவ" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ எங்க ஊரு திலகவதி. நான்தான் வாய்க்கு வந்தபடி பொய் சொல்லிட்டேன்." பிறகு திலகவதி பக்கம் திரும்பினார். "நீ சாப்டியாத்தா?"

"இல்ல பெரியம்மா" என்று சொல்லும்போதே திலகவதி அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டாள்.