ஆறாம் நம்பரின் வலது குதிகால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள பதினொரு அடி தூரத்தில் பிறந்தது. மூன்று மாதமாக என் இடது குதிகால் காலை வேளைகளில் என்னோடு பேச மறுக்கிறது. (மறுக்கவில்லை, கத்துகிறது. முதல் பத்தியிலேயே அலங்காரம் வேண்டாம்.) படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போய் உயிர் வரும். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பல் தேய்த்து முடிப்பதற்குள் வலி பாதியாகக் குறைந்துவிடும். அதனாலேயே வீட்டில் யாரும் நம்புவதில்லை. "நல்லாத்தானே நடக்கறே?" என்பார் என் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெத்தென்று ஒரு ஜோடி வாங்கலாம் என்று பெரிய செருப்புக் கடை ஒன்றுக்குப் போனேன். விற்பனைப் பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். என் முன்னால் மண்டியிட்டு, என் இடது காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்து, குதிகாலில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இங்கதானே மேடம்?"

நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டேன். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"எனக்கும் அதே இடம்தான்," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தவர், பாதியில் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளர் பார்க்காத மாதிரி, பெட்டி எடுப்பது மாதிரி ஒரு பிடி. எனக்கு அந்தப் பிடி நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் சுவரைப் பிடிக்கிறேன்.

உங்களைப் பற்றிக் கதை எழுதட்டுமா என்று கேட்டேன். ரெண்டே நிபந்தனை என்று ஆரம்பித்து மூன்று சொன்னார். பேர் போடக் கூடாது. எழுத எழுதப் படித்துக் காட்ட வேண்டும். "அப்புறம், யாரும் சாகக் கூடாது மேடம். கால் வலிக்கெல்லாம் யாரும் சாகறதில்ல."

2

தொடக்கம் ஒன்று: "ஆயிரம் ஜோடிக் காலணிகளுக்கு நடுவே, தன் வலியை மட்டும் துணையாகக் கொண்டு நின்றாள் ஒருத்தி." (இந்த வாக்கியத்துக்கே மூச்சு வாங்குகிறது. வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: "குதிகால் என்பது மனித உடலில் —" (பாடப்புத்தகம். இதுவும் வேண்டாம்.)

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொண்டேன்:

கடையில் அவளுக்கு ஆறாம் நம்பர் என்று பேர். பெண்கள் பிரிவில் அலமாரியில் பார்வைக்கு வைக்கும் காலணி எப்போதும் ஆறாம் அளவுதான். அவள் காலும் அச்சாக ஆறாம் அளவு. சீசன் முடிந்ததும் பார்வைக்கு வைத்த ஜோடிகளை அந்தந்த அளவுக்காரர்களுக்கே கொடுத்துவிடுவது அந்தக் கடையில் வழக்கம். ஐந்தாம் நம்பர்காரியும் ஏழாம் நம்பர்காரியும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, வருடத்துக்கு இரண்டு ஜோடி அவளுக்கு. "பொறந்தா ஆறாம் நம்பர் காலோட பொறக்கணும்டி," என்று அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஏழு வருடமாக அவள் செருப்பு வாங்கியதே இல்லை.*

* இந்த விவரத்தை ஊர் வம்பாகத்தான் சேர்த்தேன். இதற்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

(இன்னொன்று: நேரில் "அவர்", கதைக்குள் "அவள்". மரியாதைக் குறைவு இல்லை, கதைக்குள் போனவர்களை எனக்கு அப்படித்தான் கூப்பிடத் தெரியும்.)

3

எதற்காக இவளுடைய கால் சரியாக வேண்டும்? இதைச் சொல்லாமல் கதை நகராது.

கடையின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் பிரிவு புதிதாகத் திறக்கப் போகிறார்கள். அந்த இடத்தின்மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. பெரியவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், காலைப் பார்க்கவே மாட்டார்கள். முதல் முதலாகச் செருப்பு மாட்டும் குழந்தை வேறு எதையுமே பார்க்காது. குனிந்து தன் காலையே ஆச்சரியமாகப் பார்க்கும். பிறகு தரையில் இல்லாத ஏதோ ஒன்றைத் தாண்டுவதைப் போல முழங்காலை உயரத் தூக்கி ஓர் அடி வைக்கும். வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு தினமும் கிடைக்கும் வேலை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அங்கே ஒரு நாளைக்கு எழுபது தடவை மண்டியிட்டு எழ வேண்டும். மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கண் இருக்கிறது.

"நீங்க அலமாரியப் பிடிச்சு எந்திரிக்கறதப் பார்த்துட்டேன்மா. ரெண்டு மாசம் டைம். கால் சரியானா கீழ குழந்தைங்க பிரிவு. இல்லேன்னா மேல குடோன்ல உக்காந்து பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். "ஸ்டிக்கர் என்னைப் பார்த்துச் சிரிக்குமா?" என்று கேட்டு அழுதாள். பஸ் ஓட்டும் அவள் கணவன் வெந்நீரில் உப்புப் போட்டு, வாளியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான்.

4

இந்தப் பகுதியில் வைத்தியம். (குதிகால் வலி உள்ள வாசகர்கள் நேராக இங்கே தாவியிருப்பார்கள். வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.)

டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். குதிகாலிலிருந்து விரல் வரை பாதத்துக்கு அடியில் பட்டையாக ஒரு தசைநார். தூங்கும்போது சுருங்கிக் கிடக்கிறது, முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுகிறது. "இது ஒரு நாள்ல வந்தது இல்ல, ஒரு நாள்ல போகாது. அவசரப்பட்டா அடம் பிடிக்கும்," என்றார்.

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால், பாதத்தில் துண்டை மாட்டித் தன் பக்கம் இழுத்து முப்பது எண்ண வேண்டும். சுவரில் கை ஊன்றி, பின்னங்காலை நீட்டிக் கெண்டைச் சதையை இழுக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் தரையில் போட்டு, அதன்மேல் பாதத்தை உருட்ட வேண்டும்.

அந்தப் பாட்டிலால் வீட்டில் பெரிய ரகளை. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வேர்க்க விறுவிறுக்க வந்த கணவன், உருகி ஜில்லென்று இருந்த பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டான்.

"ஐயோ, அது என் கால் பாட்டிலுங்க!"

"அதான் ஒரு ருசியா இருந்துச்சா?" என்று வாயைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் பாட்டிலில் கொட்டை எழுத்தில் "கால்" என்று எழுதி ஒட்டினாள். அவன் தன் பாட்டிலில் "வாய்" என்று எழுதி ஒட்டினான்.

ஒரு மாதம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். வீட்டில் வலி குறையும். கடைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினால் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே வலி. நானும் அதே பயிற்சிகளைச் செய்தேன், எனக்குக் குறைந்துகொண்டே வந்தது. கதாசிரியைக்குச் சரியாகிறது, கதாநாயகிக்குச் சரியாகவில்லை. எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது.

5

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு, மதிய ஓய்வு நேரத்தில் கடைக்குப் போனேன். பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை. அவர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், நான் படித்தேன். பாட்டில் இடத்தில் புரையேறச் சிரித்தார். பிறகு நான் எழுதியிருந்த ஒரு வாக்கியம் வந்தது: "கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலிக்கும் இடது காலை மெல்லத் தரையில் —"

"வலது," என்றார்.

"ஆங்?"

"எனக்கு வலது கால்க்கா. இடது உங்களோடது." (மேடம் எப்போது அக்கா ஆனது என்று நான் கவனிக்கவில்லை. பாட்டிலைப் படித்தபோதாக இருக்கலாம்.) "உங்க காலை எனக்கு மாட்டி விட்டுட்டீங்க."

என்ன ஒரு தப்பு! என் வலியை அவள்மேல் ஏற்றிவிட்டு அனுதாபம் வேறு பட்டுக்கொண்டிருந்தேன். அடித்துத் திருத்தினேன். திருத்தும்போது சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: "எப்பவுமே வலதுதானா? ஒரு நாள்கூட இடது வலிச்சதில்லையா?"

"வலிச்சதே இல்ல. இடது தங்கம். வலதுதான் —"

அவர் டப்பாவை மூடினார். தன் வலது காலணியைக் கழற்றிக் கையில் எடுத்தார், கடைக்காரப் பெண்மணி ஒருத்தி வாடிக்கையாளரின் பழைய காலணியைப் பார்ப்பதுபோல. குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் புதைந்துவிட்டது. நடுவில் மடக்கினார், பழைய துணி மாதிரி மடங்கியது. பிறகு இடதை எடுத்தார். அழுத்தினால் விரலை எதிர்த்துத் தள்ளியது.

"அக்கா," என்றார் மெதுவாக, "நாங்க அலமாரியில எந்தக் கால வைப்போம் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்?

"வலது. எப்பவும் வலதுதான். இடது பெட்டியிலேயே இருக்கும்."

ஒரு சீசன் முழுக்க, கடைக்குள் வருகிற போகிற அத்தனை பேரும் அந்த வலதை மாட்டிப் பார்ப்பார்கள். பெரிய காலைத் திணிப்பார்கள், பின்பக்கத்தை மிதிப்பார்கள், நாலடி நடந்து பார்ப்பார்கள். அதன் மெத்தை செத்துப் போயிருக்கும். பிறகு, பெட்டியில் பத்திரமாக இருந்த இடதோடு அதைச் சேர்த்து, ஜோடி என்று அவர் கையில் கொடுப்பார்கள். ஏழு வருடமாக இடது காலில் புதுச் செருப்பு, வலது காலில் ஊரே போட்டுப் பார்த்த செருப்பு!

"ஊருக்கெல்லாம் கால் பார்க்கறேன், என் கால என்னிக்காவது பார்த்தேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான். அந்தப் பெட்டி அறைக்குள் இரண்டு நடுவயதுப் பெண்கள் செருப்பை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்ததை வேறு யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

6

(இந்தக் காட்சியில் நான் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சில இடங்களில் ருசிக்காகக் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கிறேன்.)

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் அன்றைய வேலைகளைச் சொல்லி முடித்தார். ஆறாம் நம்பர் கையைத் தூக்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். இங்க யார் யாருக்கு வலது குதிகால் வலிக்குது?"

ஆண்கள் பிரிவில் எட்டாம் அளவு பார்வைக்கு. அங்கிருந்து இரண்டு கைகள் தயங்கித் தயங்கி மேலே வந்தன, இரண்டும் எட்டாம் நம்பர். ஐந்தாம் நம்பர்காரியும் ஏழாம் நம்பர்காரியும் கையைத் தூக்கவில்லை. அவள் காலணிகளைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அழுத்திக் காட்டி, மடக்கிக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினாள். ஏழாம் நம்பர்காரி மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

மேனேஜர் மட்டும் மேஜையில் சாய்ந்தபடி, வலது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார்," என்றாள், "உங்க சைஸ்?"

அவர் குனிந்து தன் வலது காலணியைப் பார்த்தார்.

"எட்டு," என்றார் மேனேஜர். "எனக்கும் டிஸ்ப்ளே ஜோடிதான். பின்ன ஏன் நாள் பூரா கேபின விட்டு வெளிய வர்றதில்லன்னு நினைச்சீங்க?"

கடையே சிரித்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டு, கட்டைவிரலால் அழுத்தினாள். "இங்கதானே சார்?" மேனேஜர் போட்ட சத்தத்தில் வெளியே காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாராம்.*

* காவலாளி என் உப்பு.

அன்றைக்கே அந்த வழக்கம் நின்றது. மூவருக்கும், மேனேஜருக்கும், பெட்டி பிரிக்காத புது ஜோடி. ஆறாம் நம்பர் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுத்தாள். குதிகாலில் நல்ல மெத்தை, நடுவில் வளைவுக்குத் தாங்கல். இரண்டு காலையும் அளந்து, நின்று, நடந்து பார்த்து, தன்னிடமே பத்து நிமிடம் பேரம் இல்லாமல் வியாபாரம் செய்தாள்.

7

முடிவுகள்.

(அ) மறுநாளே வலி பறந்துவிடுகிறது, அவள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறாள். படித்துக் காட்டினேன். "நான் எதுக்குக்கா ஓடணும்? டிரைவரே என் புருஷன், நிறுத்துவாரு." நீக்கம்.

(ஆ) காலம் கடந்துவிட்டது, அவள் குடோனில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக — (முறைத்தார். நீக்கம்.)

(இ) நிஜமாக நடந்துகொண்டிருப்பது: மூன்று வாரமாகப் புது ஜோடி. துண்டு, சுவர், "கால்" பாட்டில் எல்லாம் தொடர்கின்றன. நேற்றுச் சாயங்காலம் வலி இல்லை. முந்தாநாள் இருந்தது. டாக்டர் சொன்ன மாதிரி அடம் பிடித்துத்தான் போகிறது.

மேனேஜர் சொன்னாராம்: "திங்கக்கிழமை குழந்தைங்க பிரிவு திறக்குது. அன்னிக்குக் காலையில முதல் அடி வச்சுப் பாருங்க. தாங்கும்னு தோணினா நேரா கீழ வந்துடுங்க. இல்லேன்னா இன்னும் ஒரு மாசம் மேல உக்காருங்க, உங்க இடத்த யாருக்கும் தர மாட்டேன். நான் எதுவும் கேக்க மாட்டேன். உங்க கால் சொல்றதக் கேளுங்க."

"அதுக்கு முன்னால முடிவ எழுதிடாதீங்கக்கா," என்றார் அவர். "எழுதினா எனக்குப் படபடப்பா இருக்கும்."

8

ஆகவே எழுதவில்லை. திங்கட்கிழமைக் காலை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். துண்டை மாட்டி முப்பது எண்ணியாகிவிட்டது. முப்பத்தொன்றையும் ஆசையாக எண்ணினாள். கணவன் கதவருகே பஸ் சாவியோடு நிற்கிறான், நேரமாகிவிட்டது, போக மனம் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே புது ஜோடி. வலது கால், ஆம் வலதுதான், தரைக்கு ஓர் அங்குலம் மேலே.

அவள் குனிந்து அந்தக் காலையே பார்க்கிறாள். இல்லாத எதையோ தாண்டப்போவதைப் போல முழங்காலை உயரத் தூக்குகிறாள்.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். இன்று காலை கடைப் பக்கம் போய் வந்தேன். ஆனால் அந்தக் கடைசி ஓர் அங்குலத்தை நான் எழுதப்போவதில்லை. ஒரு தடவை என் காலை அவளுக்கு மாட்டிவிட்டேன், போதும்.

இந்த முறை நீங்கள் வையுங்கள். அவசரம் வேண்டாம். குதிகால் முதலில், பிறகு பாதம், பிறகு விரல்கள். செருப்பு இரண்டும் புதுசு.

வைத்தாயிற்றா? இப்போது நிமிர்ந்து அவள் முகத்தைப் பாருங்கள்.