மோட்டார் பக்கத்திலிருந்து இரண்டாவது

மருமகள் பிரிட்ஜில் காய்கறியை ஒதுக்கிவிட்டு உயிர் உரப் பாக்கெட்டுகளை அடுக்கியபோது மாமனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யூரியான்னா கண்ணுக்குத் தெரியும். இது பிரிட்ஜுல குடித்தனம் பண்ணுது. இதை நம்பி விதைக்கிறதா?"

உயிருள்ள சரக்கு, வெயில் பட்டால் செத்துவிடும் என்றாள் அவள். விதையோடு மண்ணுக்குள் போனால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும். யூரியாவில் கால்பங்கு குறைக்கலாம்.

இரண்டு வருடமாக மக்காச்சோளம் உரக்கடைக்காகவே விளைந்துகொண்டிருந்தது. மகன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் சாலையில். மாமனார் நிலத்தைப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட நினைத்தார். நானே பார்க்கிறேன் என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு ஏக்கரை நான்கு சம துண்டாக்கி, ஒன்றுக்கும் மூன்றுக்கும் சேர்த்து வழக்கம்போல நாலு மூட்டை யூரியா. இரண்டுக்கும் நாலுக்கும் உயிர் உரம் கலந்த விதையும் மூன்றே மூட்டையும்.

"உன் துண்டுல ஒரு கிலோ குறைஞ்சாலும் நிலம் குத்தகைக்குப் போயிடும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

இதைப் பக்கத்து வயல்காரர் முன்னால் வேறு சொன்னார். வாக்கு மாறாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் படும் பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஆறிய கஞ்சித் தண்ணீரில் உயிர் உரத்தைக் கரைத்து, விதையைப் பிசறி, நிழலில் உலர்த்தினாள். பலகை நட்டால் போகிறவர் வருகிறவர் கேலி பேசுவார்கள் என்று துண்டுகளின் கணக்கை நோட்டில் மட்டும் எழுதினாள்.

அறுப்புக்கு முன் ஒரு காற்று அடித்தது. ஒன்றிலும் மூன்றிலும் அங்கங்கே பயிர் சாய்ந்தது. இரண்டும் நாலும் அசையவில்லை. அவளுக்கு நம்பிக்கை வந்தது.

தராசு வேறு சொன்னது. அவளுடைய துண்டுகளில் முப்பது கிலோ குறைவு.

அவள் அழவில்லை. தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஜெயித்தவர் முகத்திலோ ஈயாடவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து தோள்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா."

அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த வாரம், அவளுடைய துண்டுகளுக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு மூட்டை யூரியா போட்டாராம். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, ஆனால் நிலத்தை விட மனசில்லை. அவள் ஜெயித்தால் தேவலை என்று தோன்றியதாம்.

"அப்படியும் உன் கிருமி கவுத்துடுச்சே."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று மூட்டை இல்லை, ஐந்து மூட்டை. ஐந்து போட்டும் குறைவு என்றால் பாக்கெட்டில் இருந்தது வெறும் மண்தான். எழுதி முடித்துவிடலாம் என்று நோட்டைத் திறந்தாள்.

"எந்தத் துண்டுல போட்டீங்க மாமா?"

"ரெண்டுலயும் நாலுலயும்தான்."

பேனா நின்றது.

"எங்கேருந்து எண்ணினீங்க?"

"இது ஒரு கேள்வியா? மோட்டார்லேருந்துதான். தண்ணி அங்கேருந்துதானே வருது."

அவள் எண்ணியது சாலையிலிருந்து. மூட்டை ஏற்றும் வண்டி அங்கேதான் நிற்கும். மோட்டார் மறுகோடியில்.

மாமனார் விரலை மடக்கி ஒருமுறை எண்ணினார். மறுகோடியிலிருந்து இன்னொருமுறை எண்ணினார்.

"அப்ப நான் என் துண்டுக்கே போட்டுக்கிட்டேனா?"

"உங்க துண்டுக்கு ஆறு மூட்டை மாமா. என்னோடதுக்கு மூணுதான். முப்பது கிலோ சோளத்தை வித்தா மூணு மூட்டை யூரியா வாங்க முடியுமா?"

அவர் எழுந்து நேராகப் பக்கத்து வயலுக்குப் போனார். தான் கள்ளாட்டம் ஆடிவிட்டதாகவும் அதனால் ஆட்டம் செல்லாது என்றும் அவரே தன் வாயால் சொன்னதை வரப்பில் நின்று அவள் கேட்டாள். பக்கத்து வயல்காரர் சிரித்த சிரிப்பு மோட்டார்வரை கேட்டது.

திரும்பி வந்தவர் இடுப்பிலிருந்து உரக்கிடங்குச் சாவியை எடுத்து அவள் நோட்டின்மேல் வைத்தார்.

"அடுத்த போகம் முழுக்க உன் கணக்குலயே விதை. இதையும் நீயே வச்சுக்க. என் கை சும்மா இருக்காது."